ஏசி அறையின் கதவு

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த நாகபூசணி. அவரைப் பராமரிக்க மண்கும்பானிலிருந்து வந்து வீட்டோடு தங்கியிருந்த கிருசாந்தி. ஏணியில் நின்று ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்த நிசாந்தன். நான்காவது ஆள் நாகபூசணியின் மகள் நிரோஜினி. அவர் சுவிஸில். மேசையிலிருந்த பால்மாப் பேணியில் சாத்தி வைத்த போனில் முகம் மட்டும் தெரிந்தது.

நிசாந்தன் ஏசியின் தூசி வலையைக் கழுவி மாட்டினான். ஊத்தை பெரிதாக இல்லை.

"மிசினில பிழை இல்லை அக்கா. அறை ஒருக்காக் குளிர்ந்துதெண்டா பிறகு கரண்ட் தின்னாது."

"பிறகேன் தம்பி பில் இப்பிடி வருது? செலவைக் குறைக்கத்தானே பழசைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டினனாங்கள்?" என்று போனில் கேட்டார் நிரோஜினி.

"பின்னேரத்தில கதவு திறந்து கிடக்கிறதை றோட்டால போகேக்க நானே கண்டனான். அப்பிடி விட்டா அது புங்குடுதீவு முழுக்கவெல்லோ குளிராக்கப் பாக்கும்."

நிரோஜினி சிரிக்கவில்லை.

"கதவை ஆர் திறக்கிறது?"

கிருசாந்தி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். பொழுதுபட்டால் நாகபூசணிதான் சொல்வார்: "விளக்கைக் கொளுத்திப்போட்டு அறைக்கதவையும் வாசல்கதவையும் அகலத் திற. றோட்டில போறவைக்கு வெளிச்சம் தெரியவேணும்." ஒழுங்கையின் இரு பக்கமும் பூட்டிய வீடுகள். ஒன்றின் கூரையைப் பிரித்துக்கொண்டு வேம்பு வளர்ந்திருந்தது. "இதையும் பூட்டினா, என்ர மனுசன் கட்டின வீடும் முடிஞ்சுது எண்டு சனம் சொல்லும். மகளிட்டச் சொல்லிப்போடாத. காசு அனுப்பிறவள், கத்துவாள்." அவர் கண் அயரும்வரை கதவு திறந்தே கிடக்கும். மூடப் போனால் விழித்துக்கொள்வார்.

கிருசாந்தி கட்டிலைப் பார்த்தாள். நாகபூசணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"நான்தான் அக்கா. காத்துக்குத் திறந்தனான்."

"ஏசி பூட்டின அறைக்குக் காத்தோ? உமக்குச் சம்பளமும் தந்து ஊருக்குக் குளிரும் குடுக்க எங்களுக்கு ஏலாது. நான் வேற ஆள் பாக்கிறன்."

"பிள்ளையள் ரண்டையும் அம்மாவோட விட்டிட்டு வந்து நிக்கிறன் அக்கா. இனிக் கவனமா..."

போன் இருண்டது. நிசாந்தன் ஒருவரையும் பாராமல் ஏணியை மடக்கினான்.

"பிள்ளை," என்றார் நாகபூசணி, சுவரைப் பார்த்தபடியே. "என்னை மற்றப் பக்கம் பிரட்டிவிடு. இந்தத் தோள் நோகுது."

கிருசாந்தி பிரட்டிவிட்டாள்.

இப்போது வேலணையிலிருந்து ஒரு பெண் காலையும் மாலையும் வந்து போகிறாள். ஏசியை நிரோஜினி அங்கிருந்தே போன் வழியே போடுகிறார், நிற்பாட்டுகிறார். கதவு சாத்தியே கிடக்கிறது. கிருசாந்தி கிடைத்த இடத்தில் களை பிடுங்கப் போகிறாள்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம், வேலை முடிந்து கிருசாந்தி ஏறிய பஸ் அந்த ஒழுங்கை முனையைக் கடந்தது. முன் சீற்றில் இருந்த மனுசி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்:

"நாகபூசணியக்காவும் சுவிசுக்குப் போட்டாவாம். பார், வீடு பூட்டு."

கிருசாந்தி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போகேல்லை," என்றாள். "உள்ளுக்கதான் கிடக்கிறா."