நூற்று நாற்பது பெட்டிகளும் அண்ணன் கையும்

மருத்துவமனையின் சர்வர்கள் புதுக் கட்டடத்துக்குக் குடிபோன அன்று காலை, பிரதான கட்டடத்தில் கணினிகளை இணைக்கும் நூற்று நாற்பது ஸ்விட்ச் பெட்டிகளுக்கும் புது வழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. போன முறை இப்படி ஒரு மாற்றம் வந்தபோது, நாலு பேர் ஏணியும் லேப்டாப்புமாக மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி முடிக்க முழுசாக இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் காகிதத்தில் நடந்துதான் வார்டுக்குப் போயின. நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். கொடுமை.

இந்த முறை ஏணியே வேண்டாம் என்று சொன்னவள், நெட்வொர்க் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பொறியாளர். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரை எட்டு மாதம் மல்லுக்கட்டி நிறுவியிருந்தாள். எது எப்படி இருக்க வேண்டும் என்று அதனிடம் ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் போதும். பெட்டிகளுக்குச் சொல்வதும், சொன்னபடி இருக்கின்றனவா என்று நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பதும், விலகியிருந்தால் காதைத் திருகி நேராக்குவதும் அதன் பாடு.

மேலாளர் மசியவில்லை. “பத்து மணிக்கு ஆரம்பிங்க. பத்தரைக்குள்ள லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போகணும். போகலைன்னா பழையபடி கையாலதான். கன்ட்ரோலரைக் கழட்டி வெச்சிட்டு நீங்க பிரின்டர் ரிப்பேருக்குப் போயிடலாம்” என்றார்.

அவளைவிட அதிகமாகப் பயந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். அதே பிரிவில் பதினெட்டு வருடம். எந்தப் பெட்டி எந்த மூலையில், அதில் என்ன எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேலை நடக்கும்போது யாரும் எதையும் கையால் தொடக்கூடாது என்று தங்கை போட்ட விதிக்கு முதல் ஆளாகத் தலையாட்டியவரும் அவர்தான்.

மணி பத்து. அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஏழே நிமிடத்தில் நூற்று முப்பத்தொன்பது! நாற்காலியை விட்டுத் துள்ளப் போனவள் அப்படியே நின்றாள். மூன்றாவது மாடி லேப் பெட்டி மட்டும் சிவப்பு.

பிறகு பச்சை. மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. பின்னால் நின்ற மேலாளர் தொண்டையைக் கனைத்தார். எட்டு மாத உழைப்பும் இந்த ஒரு பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதறினால் காரியம் கெடும். கன்ட்ரோலரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். நிமிடத்துக்கொரு தரம் கன்ட்ரோலர் சரி செய்கிறது. அரை நிமிடம் கழித்து யாரோ உள்ளே நுழைந்து மாற்றுகிறார்கள். கள்ளன் வெளியாள் இல்லை. நுழைந்த ஆளின் பெயருக்கு நேரே அண்ணனின் கணக்கு கண் சிமிட்டியது. போனை எடுத்தாள்.

“எங்கண்ணா இருக்கே?”

“லேப் பெட்டிகிட்டதான். நீ கவலைப்படாதேம்மா, இதை மட்டும் நான் கையால போட்டுடறேன். இது படுத்தாத்தானே உன்னைத் துரத்துவாங்க? ஆனா சனியன், நான் எழுத எழுத உன் மெஷின் அழிச்சுக்கிட்டே இருக்கு!”

“நீ எழுதறது பழைய வழிண்ணா. சர்வர் இப்ப அங்க இல்லை.”

பதினெட்டு வருட மனப்பாடம், விரல் நுனியில் இருந்தது, ஒரே காலையில் செல்லாமல் போயிருந்தது. அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம். இப்படி ஒரு பாசத்தை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்?

“கையை எடுண்ணா.”

“எடுத்தா விழுந்துடுமோன்னு…”

“எடுன்னா எடு! லேப்டாப் கேபிளைப் பிடுங்கு!”

பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. ‘டக்’கென்று கேபிள் கழன்ற சத்தம் போனில் கேட்டது.

அந்த ஒரு நிமிடம் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிறகு பெட்டி பச்சையானது. அரை நிமிடம் போனது, பச்சை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், பச்சை, பச்சை! மேலாளர் தாமே வார்டைக் கூப்பிட்டு, “ரிப்போர்ட் வந்துச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினெட்டு. “மற்ற ரெண்டு கட்டடத்தையும் நீங்களே பார்த்துக்குங்க” என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து லேப் தலைமை அம்மாவின் எரிச்சலான குரல் வந்தது: “ஏன்பா, மணி பத்தரை ஆகப் போகுது. நெட்வொர்க்கை எப்பதான் மாத்தப் போறீங்க?”

அண்ணன் சிரித்த சிரிப்பு மூன்றாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

“மாத்தி முடிச்சாச்சும்மா! என் தங்கச்சி மாத்தினா. நானே கெடுக்கப் பார்த்தும் கெடலை!”