இடிக்கு வாங்கிய பெட்டி

இசைக்குழுவில் அந்தக் கிட்டார்க்காரனுக்கு 'இடி' என்று பெயர். பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது குரலே வெளியே வராது. மேடையேறி, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பை முடுக்கினானென்றால் முன்வரிசை காதைப் பொத்திக்கொள்ளும். அதே குழுவில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்ப்பவளுக்குப் பெயர் 'காது'. எல்லாரும் சேர்ந்து வாசித்தாலும் எவன் கம்பி சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இருவரும் சில காலம் கணவன் மனைவியாக இருந்தார்கள். பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் கிட்டாரிடம் கொண்டுபோனான். அவள் தலைவலி தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். குழுவை மட்டும் இருவருமே விடவில்லை.

டிரம்ஸ் வாசிப்பது அவளுடைய தம்பி. அவன் இன்னும் இடியை 'மாமா' என்றுதான் கூப்பிடுவான். கேட்டால், "நீங்க ரெண்டு பேரும்தானே கையெழுத்து போட்டீங்க? என்னை யாரும் கேக்கலியே" என்பான்.

ஒருநாள் அவளுக்கு இடியிடமிருந்து போன் வந்தது.

"புது வீட்டுல சுவர் ரொம்ப மெல்லிசு. ஆம்பை ஆன் பண்ணினாலே பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவுது. ஒரு மாடலர் வாங்கலாம்னு பாக்குறேன். வீட்டுக்கும் ஆகணும், மேடைக்கும் ஆகணும். நீ கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்றியா?"

பெரிய பெரிய ஆம்புகளின் சத்தத்தையெல்லாம் கணக்காக்கி உள்ளே வைத்திருக்கும் பெட்டிதான் மாடலர். வீட்டில் ஹெட்ஃபோன் செருகிக்கொள்ளலாம். மேடையில் நேராக மிக்சருக்கு வயர் இழுத்துவிடலாம். வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டுவிட்டாள்.

இசைக்கருவிக் கடையில் இருந்த பெண் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். பெரியதைப் பார்த்ததும் இடிக்குக் கண் விரிந்தது. தொட்டால் மினுங்கும் திரை, உள்ளே எண்ண முடியாத அளவுக்கு ஆம்புகள். காது எதையும் பார்க்கவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மூணுலயும் ஒரே பாட்டை வாசி. எது எதுன்னு சொல்லாத."

வாசித்தான்.

"முதல்ல வந்தது வெறும் கொசு. ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் தடவிட்டிருந்த? பாட்டு நடுவுல அந்த மெனுவுக்குள்ள போனா நீ திரும்பி வரமாட்ட. மூணாவதை இன்னொரு தடவை வாசி."

மெல்லத் தட்டினால் அது பணிந்தது, அழுத்தினால் சீறியது.

"கை சொல்றதைக் கேக்குது. இதுதான்."

திரும்பிப் பார்த்தாள். நடுத்தரப் பெட்டி. மிதிக்க மூன்று பொத்தான், திருக நாலைந்து குமிழ், அவ்வளவுதான்.

"அக்காவுக்கு வீட்டுல தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு போல!" கடைப்பெண் சிரித்தாள்.

அவன் திருத்துவான் என்று இவள் பார்த்தாள். இவள் திருத்துவாள் என்று அவன் பார்த்தான் போலிருக்கிறது. பில் போட்டு வெளியே வரும்வரை யாரும் திருத்தவில்லை.

ஒத்திகையில் வம்பு வந்தது. வீட்டில் ஹெட்ஃபோனில் ஆசை ஆசையாக அவன் அமைத்துவைத்த சத்தம், பெரிய ஸ்பீக்கரில் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி கத்தியது. அவன் முகம் விழுந்துவிட்டது.

"தப்பான பெட்டியை வாங்கிட்டோமா?"

"பெட்டி என்ன பண்ணும்? மெதுவா வச்சுக் கேட்டா பேஸோட கனமும் ட்ரெபிளோட கூர்மையும் காதுக்குப் பத்தாது. நீ ரெண்டையும் ஏத்தி வச்சிருக்க. இங்க சத்தமா வச்சதும் ரெண்டும் பாய்ஞ்சு வருது. மேடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா சேவ் பண்ணிக்கணும்."

மேடைக்கானதை அங்கேயே அமைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கானதை வீட்டில்தானே அமைக்க முடியும்? மறுநாள் மத்தியானம் போனாள். அவனுடைய புது வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தரையெல்லாம் ஈரம், வருகிறாள் என்று அவசர அவசரமாகத் துடைத்திருக்கிறான்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அவன் வாசித்தான். அறையில் கம்பியின் டிக் டிக் மட்டும்தான். அவள் காதுக்குள்ளோ அவன் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு சுரத்தைத் தொடுவதற்கு முன் அவன் விரல் தயங்குவது கேட்டது. தொட்டபின் விட மனமில்லாமல் கொஞ்சம் இழுப்பதும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இரைச்சலாகக் கேட்டதெல்லாம் இதுதானா?

"பேஸ் கொஞ்சம் குறைக்கலாம்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அழறியா?"

"ஹெட்ஃபோன் இறுக்குது."

நம்பினானோ இல்லையோ, அவன் குமிழைத் திருகினான். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த நிகழ்ச்சி ஓர் அலுவலகத்தின் ஆண்டு விழா. ஆம்ப் இல்லாத மேடை அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் இடி கூடச் சேர்ந்து பாடும் மைக்கைத் திறந்தால் ஆம்பின் அலறல்தான் வரும். பாட்டுகளுக்கு நடுவே கூட்டத்துக்குக் கேட்காதபடி மைக்குகளை அடக்கிவிட்டு, அவள் ஒவ்வொன்றாகத் தன் ஹெட்ஃபோனில் சரிபார்த்தாள். இடியின் மைக்கில் தம்பியின் குரல் வந்தது.

"மாமா, சத்தம் போதுமான்னு அக்காகிட்ட கேளுங்க."

"எதுக்கு? அவ இருக்கா. சத்தத்தை நான் அவகிட்டயே விட்டுட்டேன்." கம்பியை முறுக்கிக்கொண்டே, "முன்னாடியே விட்டிருக்கணும்டா" என்றான்.

அடுத்த பாட்டில் அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது, அவன் சத்தத்தைக் கணக்குக்கு மேலேயே ஒரு நூல் ஏற்றிவைத்தாள்.

கூட்டம் கலைந்தபின் அவள் மேடைக்கு வந்தாள்.

"பாட்டுக்கு நடுவுல உன் மைக் எனக்குக் கேக்கும். தெரியும்ல?"

வயர் சுற்றிக்கொண்டிருந்தவன் கை நின்றது. "அப்போ எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

தலையைக் குனிந்துகொண்டு மீதி வயரையும் சுற்றி முடித்தான். "சரி. இனிமே நேர்லயே சொல்லிடுறேன்."

"சொல்லு."

மறுவாரம் மருந்துக்கடை விடுமுறையன்று அவள் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.