மூன்று மடங்கு விலைக்கு ஒரு மானிட்டர்

ஆல்பம்காரி புது மானிட்டர் வாங்கிய அன்றைக்கு வீடே ரெண்டுபட்டது. ஸ்டுடியோக்காரர்கள் தரும் கல்யாணப் படங்களை வீட்டிலேயே உட்கார்ந்து ஆல்பமாக வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். எட்டு வருஷமாக ஒரே பழைய மானிட்டரோடு மல்லுக்கட்டியவள். புதியதோ சாதாரண மானிட்டரைப்போல மூன்று மடங்கு விலை. நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் என்று கடைக்காரர் சொன்ன ஒரே வார்த்தையில் விழுந்துவிட்டாள்.

"இந்தக் காசுக்கு வீட்டுல ஆளுக்கொரு டிவி வாங்கியிருக்கலாம்," என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"ஆளுக்கொரு டிவி வாங்கினா சாப்பாடு யாரு போடறது?"

"சரி, ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம்ல? முதல் ஆல்பம் சரியா வரலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன்."

"சரியா வரலைன்னா பார்க்கலாம்," என்றாள், வீறாப்பாக.

ஆறாம் நாள் அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. திரையில் தளதளவென்று இருந்த மணப்பெண், தாளில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள்போல பச்சை பாய்ந்து சிரித்தாள். கணவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனாள்.

"என்னண்ணே இது?"

"வழக்கம்போலதான் போட்டேன் தங்கச்சி," என்றார் அச்சகக்காரர்.

"வழக்கம்போலன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க ஃபைல்ல முகமெல்லாம் எப்பவும் செக்கச்செவேல்னு இருக்கும். நான்தான் சிவப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவேன். எட்டு வருஷமா."

அவளுக்குச் சுருக்கென்றது. பழைய திரையில் முகங்கள் வெளிறித் தெரியும். அதை நம்பி இவள் சிவப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள், இவர் சத்தமில்லாமல் துடைத்திருக்கிறார். இந்த முறை புதுத் திரையில் அளவாக வைத்த சிவப்பையும் அதே பழக்கத்தில் துடைத்துவிட்டார். எல்லாம் தன் கைவண்ணம் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பாள்!

"ஏண்ணே சொல்லல?"

"மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிமிர்ந்து நின்றாள். "இன்னைக்கு எதையும் தொடாதீங்க. நான் அனுப்பினதை அப்படியே போடுங்க."

"கெட்டுப்போனா?"

"கெட்டுப்போனா என் தலையில."

இயந்திரம் உறுமித் தாளைத் துப்பியது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாநிறத்தில், நெற்றி வியர்வை மினுங்க, மணப்பெண் நிஜமாகவே நின்றாள். இதில் வேறு யார் கையும் படவில்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாக முழுக்க முழுக்கத் தன் வேலை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவும் தோன்றவில்லை.

அச்சகக்காரர் இன்னொரு பிரதி எடுத்து, இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"இனிமே மத்தவங்க ஃபைலை இதைப் பார்த்துதான் திருத்தணும்."

வாசலுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு நீங்க எதையும் தூக்கிட்டுப் போக வேணாம். வர்ற வழியில அச்சகத்துல ஒரு நிமிஷம் இறங்கி, சுவத்தைப் பார்த்துட்டு வாங்க."