நாலாவது வயர்

உத்திரமேரூர்ப் பக்கம் இருபது வருஷமாகப் போர் மோட்டாருக்கே வயர் இழுத்துக்கொண்டிருந்த அருள்தாஸைக் கீதா தன் தையல் ஷெட்டுக்கு வயரிங் பண்ணக் கூப்பிட்டதும், அவன் செய்த முதல் வேலை விசிட்டிங் கார்டு அடித்தது. 'கமர்ஷியல் வயரிங் ஸ்பெஷலிஸ்ட்.' அதற்கு முன் அவன் செய்த கமர்ஷியல் வயரிங் ஒரே ஒரு சலூன். அங்கேயும் பாதி வேலையைக் கடைக்காரரே பார்த்துக்கொண்டார்.

ஷெட்டில் பன்னிரண்டு மெஷின், மூன்று வரிசை, வரிசைக்கு ஒரு பேஸ். மீட்டரிலிருந்து மூன்று வயரை மட்டும் இழுத்தான். கரண்டு திரும்பிப் போக வேண்டிய நாலாவது வயரான நியூட்ரலை மீட்டர் பெட்டியிலேயே சுருட்டி வைத்துவிட்டு, மெஷின்களிலிருந்து திரும்பும் வயர்களை ஷெட்டுக்குள் ஒன்றாக முடிந்துவிட்டான்.

"நாலாவது வயரு வேணாமாண்ணே?" என்றாள் கீதா.

"இன்னாத்துக்கும்மா? போர் மோட்டாருக்கு மூணுதான போவுது? மூணு பக்கமும் லோடு சமமா கீது. இது அனுப்புறத அது வாங்கிக்கும்."

சோதனையில் பன்னிரண்டும் அழகாக ஓடின. அருள்தாஸ் எல்லோருக்கும் கார்டு கொடுத்தான். அவன் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்திருந்த மனைவி பாக்கியமேரிக்கும் ஒன்று கொடுத்தான்.

போர் மோட்டார் மூன்று பேஸையும் எப்போதும் சமமாக இழுக்கும். பெண்கள் டீ குடிப்பார்கள். இந்த வித்தியாசம் ஸ்பெஷலிஸ்டுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் பதினோரு மணிக்குக் கடைசி வரிசையில் மூன்று பேர் டீக்கு எழுந்தார்கள். பாக்கியமேரி எழவில்லை. புருஷன் தயவில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. தனியாக ஓடிய அவள் மெஷின் திடீரென்று வெறி பிடித்த மாதிரி அலறியது, அதன் விளக்கு வெடித்தது, மோட்டார் புகைந்தது. நல்ல வேளை, கையை எடுத்துவிட்டாள்.

"கரண்டு ஆபீஸ்ல ஓல்டேஜ் ஏத்தி வுட்டுட்டாங்களா?" என்றாள் கீதா.

தப்பிக்க அருமையான வழி. அருள்தாஸ் வாயைக்கூடத் திறந்துவிட்டான். பாக்கியமேரி புகைந்த மெஷினைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எம்மேலதான் தப்பு. ஆளாளுக்குத் தனித்தனியா நிறுத்துற எடத்துல நியூட்ரல் இல்லாம கூடாது. மூணு பேரு ஏந்ததும் சமம் கெட்டு, திரும்பிப் போவ வழியில்லாம இவளாண்ட ஓல்டேஜ் ஏறிப்போச்சி."

சாயங்காலத்துக்குள் நாலாவது வயரை இழுத்து முடித்து, மோட்டாரையும் மாற்றினான். அதே மாதிரி ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாள் கீதா. முன் இரண்டு வரிசையும் ஓடின. கடைசி வரிசையில் தனியாக உட்கார ஒருத்தியும் வரவில்லை. பாக்கியமேரிகூட நகரவில்லை. ஸ்பெஷலிஸ்டே போய் உட்கார்ந்தான்.

வாழ்நாளில் ஊசி பிடித்தவனில்லை. இருபது வருஷம் கரண்டில் கை வைத்தவனுக்கு மிதியில் கால் வைக்க உதறியது. கண்ணை மூடி மிதித்தான். மெஷின் சாதுவாக ஓடியது. கண்ணைத் திறந்தபோது துணியில் தையல் பாலாறு மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

பாக்கியமேரி வந்து துணியை எடுத்துப் பார்த்தாள். அவன் கொடுத்த கார்டை மெஷின்மேல் வைத்தாள்.

"இத உள்ள வையி. ஏந்துரு, அது என் எடம்."

உட்கார்ந்து அவன் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.