சுவருக்கு எட்டாத கை

ஸ்ரீவில்லிபுத்தூர் மரக்கடையில் அபுபக்கர் சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிப் பார்த்தார். கோணல் கம்பு துள்ளும், துள்ளியதை ஒதுக்கினார். நீளம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதும்தான் சிக்கல் நினைவுக்கு வந்தது. கோழிக்கொட்டிலின் கூரை பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமியின் சுவரில் ஏறி உட்கார நீளக் கம்பு வேண்டும். அதற்கு அவரிடம் கேட்க வேண்டும். போன ஆடியில் சாக்கடைத் தண்ணீரால் வந்த சண்டைக்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை.

நீளக் கம்பையே வாங்கி ராஜபாளையம் வீட்டுக்கு ஏற்றிவந்தார்.

கம்புகள் கொல்லையில் கிடந்தன. கொட்டிலைச் சுற்றிலும் வலை அடித்தாயிற்று. மேலே திறந்திருந்ததால் கீரி ஒரு பெட்டையைத் தூக்கிப் போயிற்று.

"அவியகிட்ட ஒரு வார்த்தை கேக்க இம்புட்டு யோசனையா?" என்றாள் அவர் மனைவி அசீனா. "மிச்சக் கோழியையாவது அறுத்துக் குழம்பு வச்சிருவோம். கீரிக்கு ஏன் விடணும்?"

மௌனம் அபுபக்கருக்கு வசதியான இடம். உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டார். மறுநாள் காலை ரம்பத்தை எடுத்தார். கம்புகளைக் குறுக்கிவிட்டால் தன் பக்கமே கால் நட்டுக்கொள்ளலாம்; யாரிடமும் கேட்க வேண்டாம்.

முதல் கம்பு துண்டாகி விழுந்தபோது சுவருக்கு மேல் கண்ணுச்சாமியின் தலை தெரிந்தது.

"ஏன் பாய், நல்ல கம்பை அறுக்கீய? செவுத்துல வைக்க வேண்டியதுதான?"

"செவுத்துல கை வைக்கக்கூடாதுன்னு அன்னிக்குச் சண்டையில நீங்கதான சொன்னீய, அண்ணாச்சி."

கூரைக்குச் சரித்துவைக்கும் கம்புக்கும் அங்கே கை என்றுதான் பேர். கண்ணுச்சாமி முழித்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் சொன்னது உம்ம கைய! கூரைக் கையவா சொன்னேன்? நல்லா அர்த்தம் எடுத்தீரு போம்."

ஏணி போட்டு அவர் அந்தப் பக்கம் ஏறினார். கம்புகளின் பருத்த முனையை அவர் சுவர்மேல் பிடித்துக்கொள்ள, அபுபக்கர் இந்தப் பக்கம் நுனியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினார். அறுபட்டதற்கு மட்டும் ஒட்டுக்கட்டை கொடுத்து ஆணி அடித்தார்கள். வேலை ஓடும்வரை பேச்சுக்கு அவசியமில்லை. கடைசி முறுக்கும் முடிந்தது. கண்ணுச்சாமி இறங்காமல் நின்றார். இனிப் பேசுவது தன் முறை என்று அபுபக்கருக்குப் புரிந்தது.

"டீ போடச் சொல்லட்டா, அண்ணாச்சி?"

"சொல்லும். சீனி வேண்டாம்."

"சுகரா? எப்பத்துலருந்து?"

"அது ஆச்சு, போன கார்த்திகைலருந்து. ஆஸ்பத்திரியில கூட படுத்துக் கெடந்தேன்."

அபுபக்கர் கம்பி முறுக்கிய குறட்டைக் கீழே வைத்தார். இத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது, தனக்குத் தெரியாமலே. ஏணியில் நிற்பவரை இப்போதுதான் சரியாகப் பார்த்தார்; ஆள் பாதியாகியிருந்தார்.