கார்ட்டினாவின் இடது கதவு

"சரியில்ல," என்றான் ஆட்ரியன்.

இது முப்பத்தெட்டாவது 'சரியில்ல'. மெல்வினுக்குக் கணக்குத் தப்பாது. முப்பத்தெட்டு தடவையும் வண்டியை ஓட்டியவன் அவனல்லவா? நீப்செண்டில் ஸ்டுடியோ வாசலில் கிளம்பி, ஆற்றை ஒட்டியே போய், ஹில்ஸ்பரோவில் மீனும் சிப்ஸும் விற்கிற கடை முன்னால் நிறுத்தினால் நாலு நிமிடப் பாட்டு கச்சிதமாக முடியும். முடிந்ததும் ஆட்ரியன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான். வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை மெல்வினால் உடனே வண்டியைத் திருப்ப முடியவில்லை. பாட்டில் டிரம்ஸே இல்லை. இரண்டாவது சரணத்தில் வரும், வரும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் அவன்தான்.

"இன்னும் வரல," என்றான் ஆட்ரியன், தனக்குத்தானே. டிரம்ஸ் எங்கே போனது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மெல்வினும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது போலிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டான்.

மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். ஆட்ரியன் சத்தங்களைச் சேர்ப்பவன், லொரேய்ன் பாடுபவள், பியானோவும் அவள்தான். 'மண்டே சினிமா' என்று பெயர் வைத்து, மூன்று வருடத்துக்கு முன்னால் பளபளவென்று ஒரு பாட்டுப் போட்டார்கள். விற்பனையில் நாடு முழுக்க நாலாவது இடம். அந்தப் பாட்டைக் கடைசியாகக் கேட்டுச் சரிபார்த்தது மெல்வினின் இந்தப் பழுப்புநிறக் கார்ட்டினா காரில்தான். வண்டியில் இடது கதவு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும். வலது பக்கத்து ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போயிற்று. "இந்த ஓட்டை டப்பாவுல நல்லாருந்தா எந்த வீட்டு அடுப்படியிலயும் நல்லாருக்கும்டா," என்றான் ஆட்ரியன் அப்போது. சொன்னபடியே நடந்தது. அன்றிலிருந்து கார்ட்டினாதான் அவனுக்குக் கோயில்.

இப்போது ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்த ஸ்டுடியோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவன் சட்டை செய்வதே இல்லை. உள்ளே தனியாக உட்கார்ந்து, காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்டுக் கேட்டுச் சத்தங்களைக் கலப்பான். அந்த அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. அவர்கள் பாட்டைக் கேட்பது வண்டியில் மட்டும். கேசட்டோடு வெளியே வருவான். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, தலையைக் கதவில் சாய்த்துக்கொள்வான். எதைத் தேடுகிறான் என்று வாயைத் திறக்க மாட்டான். "சொன்னா நீங்க அதையேதான் கேப்பீங்க," என்பான். இந்த மனுஷனோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியதற்கு மெல்வினுக்கு மெடலே கொடுக்கலாம்.

பாட்டு லொரேய்ன் எழுதியது. இரும்பாலையை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்று வயதில் நகராட்சிக் குளத்துக்கு நீச்சல் கற்றுக்கொள்ளப் போன அவள் அப்பாவைப் பற்றியது. ஜனவரியில் பதிவு செய்தபோது அதில் இல்லாத வாத்தியம் இல்லை. வண்டியில் கேட்டுவிட்டு, "கலங்குது, மூடிக்கிட்டிருக்கு," என்று ஆட்ரியன் ஒன்பதாவது கலவையில் வயலின் சத்தத்தை எடுத்தான். பதினைந்தில் எக்காளம் போயிற்று. இருபத்திரண்டில் கூடப் பாடிய பெண்கள் போனார்கள். முப்பதில் பேஸ் கிடார். இப்போது முப்பத்தெட்டு. மிச்சம் லொரேய்னின் குரலும் பியானோவும்தான்.

செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்பது. "இன்னும் வரல." புதன் காலை நாற்பது, மதியம் நாற்பத்தொன்று. "சே! வரவே மாட்டேங்குது." ஆட்ரியன் கதவைப் படீரென்று சாத்திவிட்டு நடந்தே திரும்பிப் போனான்.

லொரேய்ன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து மெல்வினிடம் நீட்டினாள்.

"வாயத் தொறந்து கேளேன்டா. ஏன்டா என் டிரம்ஸ எடுத்தன்னு."

"நான் ஏன் கேக்கணும்? எடுத்தவனுக்குச் சொல்லத் தெரியாதா?"

"ரெண்டு பேரும் ரெண்டு கழுதைங்க. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு லண்டன்லருந்து கம்பெனி வண்டி வருது, ஞாபகமிருக்கா? முடிச்ச டேப் கையில இல்லன்னா மொத்த ரீலையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க எவனோ ஒருத்தன் எங்க அப்பாவுக்கு மிஷின் டிரம்ஸ் போட்டு டிஸ்கோ ஆட விடுவான்."

"மிஷினா இருந்தாலும் டிரம்ஸ்னு ஒண்ணு இருக்குமே," என்றான் மெல்வின். வயிற்றெரிச்சலில் சொன்னது. லொரேய்ன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. பஸ் டிரைவர் வேலைக்கான விண்ணப்பம். மனைவி ஜானிஸின் அண்ணன் டிப்போவில் பேசி வைத்திருந்தான்; வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அன்று மதியமே மெல்வின் கையெழுத்துப் போட்டுவிட்டான். பாட்டில் இல்லாதவன் குழுவில் எதற்கு? எப்படியும் வண்டிதானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதைச் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழன் காலை மாமியார் ஹில்டாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் முறை. ஜனவரியில் இடுப்பு எலும்பு தேய்ந்துபோனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் அந்த அம்மாளுக்குக் கார்ட்டினாதான் பல்லக்கு. இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தால் டாஃபி தின்ன ஆரம்பிப்பாள். இறங்கும்வரை வாய் ஓயாது.

சிக்னலில் நின்றபோது மெல்வின் தற்செயலாகத் திரும்பினான். ஹில்டா டாஃபித் தாளை நாலாக மடித்து, கதவு ஸ்பீக்கர் மேல் கிழிந்திருந்த துணி வழியாகத் தபால் போடுவது போல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"குப்பையப் போடறேன் மாப்ளே."

"அதுலயா?"

"பின்ன? அதுக்குத்தான பொந்து வச்சிருக்கு? ரோட்டுல வீசுற பழக்கமெல்லாம் எங்க குடும்பத்துல கெடையாது."

"எத்தன நாளா?"

"இடுப்பு போனதுலருந்துதான்," என்றாள் ஹில்டா, கொஞ்சம் பெருமையாகவே.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அங்கேயே ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவின் உள்பலகையைக் கழற்றினான். கடவுளே! டாஃபித் தாள் மட்டுமா? தேவாலய நோட்டீசுகள், காது அடைக்கிற பஞ்சு, பல் டாக்டர் கொடுத்த சீட்டு. ஐந்து மாதக் குப்பையும் ஸ்பீக்கரின் வாயில் கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. அள்ளி ஒரு கடைப் பையில் போட்டான். பை நிறைந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கோபம், மூக்கு முட்டக் கோபம். கலங்குது, கலங்குது என்று அவன் தூக்கி எறிந்தானே, என் டிரம்ஸ் கலங்கவே இல்லை! என் மாமியார் தின்ற டாஃபிதான் கலங்கியது! கார்ட்டினா அன்று ஆற்றங்கரைச் சாலையில் பறந்த வேகத்துக்குப் போலீஸ்காரர் யாரும் கண்ணில் படாதது அதிர்ஷ்டம்.

யாரும் நுழையக்கூடாத அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு போய், பையை ஆட்ரியன் முன்னால் கவிழ்த்தான். நூற்றுக்கணக்கான தாள்கள் கலவை மிஷினின் பித்தான்கள் மேலும் அவன் மடியிலும் கொட்டின.

"இந்தா உன் கலங்கல்! நல்லாப் பாரு! உன் காதுல இல்லடா கோளாறு, கதவுல!"

விஷயத்தைச் சொன்னதும், சத்தம் கேட்டு ஓடிவந்த லொரேய்ன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆட்ரியன் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் பிரித்தான், மறுபடி மடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்சு மாசம்," என்றான். "அஞ்சு மாசமா நான் டாஃபித் தாளுக்கா மிக்ஸ் பண்ணேன்?"

அந்தக் குரலைக் கேட்டதும் மெல்வினின் கோபம் பாதியாக இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிவிட்டு வந்து நிற்பானே, அதே முகம்.

"கேசட்ட எடுத்துக்கிட்டு வாடா. வண்டியில போய்க் கேப்போம்."

முதலில் முப்பத்தேழாவது கலவை. மெல்வின்தான் அதைப் போட்டான், அதில் அவன் இருக்கிறான். சுத்தமான ஸ்பீக்கரில் டிரம்ஸ் கணீரென்று கிளம்பியது. ஒவ்வொரு அடியும் தெறித்தது. ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். முடிந்ததும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றாள் லொரேய்ன் பின்னாலிருந்து. "மூணு வருஷத்துக்கு முன்னாடி மாதிரியே இருக்கு."

பொய் சொல்லத் தெரியாதவள். அவள் சொன்னது உண்மை என்று மெல்வினுக்கும் தெரிந்தது. அதுதான் சுருக்கென்று தைத்தது. ஐம்பத்து மூன்று வயது ஆள் தண்ணீருக்குள் பயந்து பயந்து காலை வைக்கிறார், பக்கத்தில் இவன் பட்டாளத்தையே நடத்திக்கொண்டு போகிறான்.

ஆட்ரியன் நாற்பத்தொன்றைப் போட்டான்.

பியானோ. லொரேய்னின் குரல். வேறொன்றுமில்லை. குளத்தில் அந்த மனிதர் மட்டும் இருந்தார். அப்புறம், குரலுக்கு அடியில், மெத்து மெத்தென்று என்னவோ தட்டியது. இஞ்சின் சத்தமோ என்று மெல்வின் வண்டியை அணைத்தான். தட்டல் நிற்கவில்லை. இடது கதவிலிருந்துதான் வந்தது.

மூன்றாவது சரணத்தில் லொரேய்னின் குரல் கொஞ்சம் உடைந்தது, தாமதித்தது. அந்தத் தட்டலும் தாமதித்தது. அவள் மூச்சை எடுக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு கூடவே நடந்தது.

மெல்வினுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஜனவரி மாதம். ஹீட்டர் வேலை செய்யாத நாள். டிக் டிக் என்று தாளம் காட்டுகிற மிஷின் இருந்தால் பாட மாட்டேன் என்று லொரேய்ன் அடம்பிடித்தாள். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவளுக்காகத் தொடையில் தாளம் தட்டியது அவன்தான். பியானோவுக்கு வைத்த மைக்கில் அதுவும் விழுந்திருக்கிறது. பிறகு அவனே வாசித்த டிரம்ஸ் அதை மூடிவிட்டது.

"அது நான்தான்," என்றான்.

"வேற யாரு?" என்று ஆட்ரியன் எரிந்து விழுந்தான். "இதுக்குத்தானடா டிரம்ஸ எடுத்தேன்! அறையில அருமையா கேக்குது. வண்டிக்கு வந்தா காணாமப் போயிடுது. இது வரமாட்டேங்குதேன்னுதான் மூணு நாளா மண்டை காயறேன்."

"அட பாவி! அத வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ அதையேதான..."

"டேய்! நான் பஸ் ஓட்டப் போறதுக்குக் கையெழுத்தே போட்டுட்டேன்டா!"

ஆட்ரியன் அவனைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் காதால் கேட்பதை விட்டு அவன் ஒருவரைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உன்னை எடுக்கலடா," என்றான் மெதுவாக. "உன் மேல கெடந்ததத்தான் எடுத்தேன். உங்க மாமியார் இல்லன்னா அந்தத் தைரியமும் எனக்கு வந்திருக்காது. ஸ்பீக்கர் நல்லாக் கேட்டிருந்தா நான் எதையுமே எடுத்திருக்க மாட்டேன். பழைய பாட்டையே திரும்பப் போட்டிருப்போம்."

லொரேய்ன் பின்னாலிருந்து இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொரு குட்டு வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

இதோடு முடிந்ததா என்றால், ஆட்ரியன் ஆட்ரியன்தானே! இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"மெல்வின், அன்னிக்கு என்ன பேன்ட் போட்டிருந்த?"

"கார்டுராய். எதுக்கு?"

"அந்த ரெண்டாவது சரணத்துல ஒரு தட்டு கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. நாளைக்குக் காலையில அதே பேன்ட்டப் போட்டுட்டு வந்தேன்னா..."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ. அதிகமாப் போனா பத்து."

மெல்வின் கேசட்டை உருவி, தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.

"சரியாருக்கு," என்றான்.

நாற்பத்தொரு தடவையில் அந்த வண்டிக்குள் யாரும் சொல்லாத வார்த்தை. ஆட்ரியன் கதவு ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தான்.

"சரியாருக்கா?"

"சரியாருக்குடா."

"சரி," என்றான் ஆட்ரியன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்து டேப்பை வாங்கிப் போயிற்று. சாயங்காலம் லண்டனிலிருந்து போன். டிரம்ஸ் எங்கே என்று கேட்டார்கள். "தொடையில," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான் ஆட்ரியன். சனிக்கிழமை அவர்களே மறுபடி கூப்பிட்டு, அப்படியே இருக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக ஹில்டா வண்டியில் ஏறினாள். மெல்வின் கேசட்டைப் போட்டான். அவள் வாயில் டாஃபியோடு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரோ தொடையில தட்றாங்களே மாப்ளே?"

"நான்தான் அத்தை."

"அட! நீங்க டமடமன்னு இடிக்கத்தான் செய்வீங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்கு."

தாளை நாலாக மடித்துக் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அங்கே புதுத் துணி இழுத்துத் தைத்திருந்தது.

"இப்ப இத எங்க போடறது?"

மெல்வின் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, பஸ் கம்பெனி விண்ணப்பத்தை எடுத்தான். சிக்னலில் நின்றபோது அதைக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, பொட்டலமாக்கி மாமியார் கையில் கொடுத்தான்.