படத்தின் கீழ்ப்பாதி

ஹாலிஎலையில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது கஜேந்திரனின் ஸ்டூடியோ. அவன் தலைகுனிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு அவனைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. அந்த வேலையை அவனே நன்றாகச் செய்துவிட்டான்.

அவனிடம் இருப்பது நிக்கோன் கமரா. பதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வாஹித் நானாவிடம் இருப்பது கெனன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொண்டால் கஜேந்திரன் சும்மா இருக்கமாட்டான்.

"என்ன நானா, எங்க நிக்கோன் பக்கம் எப்ப வரப்போறீங்க?"

"நான் ஏற்கெனவே ஒரு மார்க்கத்துல ஈக்கிறேன் தம்பி. இன்னொண்டு தேவையில்ல."

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போயிருந்தது.

ஒரு நாள் காலையில் ஜெயகுமார் ஸ்டூடியோப் படியேறி வந்தான். மேல்தோட்டத்துப் பையன். கண் சிவந்திருந்தது. அவனுடைய அம்மா இராக்கம்மா முந்தின நாள் இறந்துவிட்டாள். தங்கை சுதர்ஷினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். வேலை செய்யும் வீட்டில் விடவில்லை, வர முடியாது.

"மூணு மணிக்கு எடுக்குறோம்ணே. பெட்டிய மூடுறதுக்கு முந்தி குடும்பத்தோட ஒரு படம் வேணும். தங்கச்சிக்கு எடம் விட்டு நிக்கிறோம். அவ போட்டோ அனுப்புவா, நீங்க ஒட்டிக் குடுத்துருங்க. அம்மா மொகம் மட்டும் நல்லாத் தெரியணும். அதத்தான் அவ திருப்பித் திருப்பிச் சொல்றா."

"போன்லயும் ரெண்டு புடிச்சி ஒடனே அனுப்பிரலாமே?"

"போனே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். எங்க சித்தப்பா செத்தப்ப எவனோ புடிச்சிப் பேஸ்புக்ல போட்டான். நூத்தம்பது பேரு லைக் போட்டாய்ங்க. எங்கம்மாவுக்கு லைக் வேணாம்ணே. நீங்க மட்டும் எடுங்க."

நம் பக்கத்துச் சாவு வீட்டுப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வாசலில் வைத்து, பின்னால் குடும்பமே வரிசையாக நிற்கும். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஓர் ஆள் அகலம் இடம் விடுவார்கள். ஸ்டூடியோக்காரர் அந்த இடத்தில் அந்தப் பிள்ளையை ஒட்டிக்கொடுப்பார். பிள்ளையும் வந்து நின்றதாக ஆகிவிடும்.

கஜேந்திரனின் ப்ளாஷ் முந்தின நாள்தான் பண்டாரவளையில் ஒரு கல்யாண மண்டபத் தரையில் விழுந்து நொறுங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் வாஹித் நானாவிடம் கேட்டான். அவர் கேலி எதுவும் செய்யவில்லை. தன் கெனன் ப்ளாஷை எடுத்து, புது பற்றரி போட்டுக் கையில் கொடுத்தார்.

"தம்பி, இதுவும் ஒங்கட கமராவும் பேசிக்கொள்ளாது. அமத்தினா வெடிக்கும், அவ்வளவுதான். தானா வெளிச்சம் கணக்குப் பாக்குற ஓட்டோவ மறந்துருங்க. மெனுவல்ல போட்டு, வெளிச்சத்த நீங்களே கூட்டிக் கொறச்சுக்கோங்க. முக்கியமா, ஷட்டர் வேகம் இருநூறுக்கு மேல போக வேணாம். ஒங்கட ப்ளாஷ்னா ஐநூறும் தாங்கும், ஆயிரமும் தாங்கும். இது தாங்காது. படத்துல பாதி இருட்டாப் போயிரும்."

கடையில் அடையாள அட்டைப் படத்துக்கு ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இவர் பாடம் எடுப்பதாகக் கஜேந்திரனுக்குப் பட்டது.

"பதினெட்டு வருசமா இதுதான் நானா எனக்குச் சோறு போடுது," என்று சொல்லிவிட்டுப் பைக்குள் ப்ளாஷைத் திணித்தான்.

தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் நீலத் தரப்பாள் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே நிழல். பின்னால் தேயிலை மலை வெயிலில் எரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில், மலை வெளுத்துப் போகாமல் இருக்க, அவன் எப்போதும் ஷட்டரை ஐநூறில் வைப்பான். முகத்து இருட்டை அவனுடைய ப்ளாஷ் பார்த்துக்கொள்ளும். அன்று மெனுவலில் போட அவன் மறக்கவில்லை. அதில் கவனமாக இருந்தான். ஆனால் ஷட்டரை விரல் தன் பழக்கத்துக்கு ஐநூறுக்குத் திருப்பிவிட்டது.

எடுத்தவுடன் கமராத் திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு சாவு வீட்டில், குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு கிழவர், "பொணத்துல என்னடா அழகு பாக்குற?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சாவு வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே திரையை அணைத்துவிடுவான். அதை அவன் மரியாதை என்று நினைத்திருந்தான். மரியாதைதான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

ஜெயகுமாருக்கும் அவன் பெரியம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். ப்ளாஷ் ஏழு தடவை வெடித்தது. எல்லோரும் கடைசியாக முகம் பார்த்தார்கள். பெட்டியை மூடினார்கள்.

ஸ்டூடியோவில் கம்பியூட்டரில் படத்தைத் திறந்தபோது, பின்னால் நின்றவர்களின் முகங்கள் பளிச்சென்று இருந்தன. அழுது வீங்கிய இமைகூடத் தெரிந்தது. அவர்களுடைய நெஞ்சுக்குக் கீழே, அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்ததுபோல, இருட்டு. பெட்டி இருட்டுக்குள் கிடந்தது. ஏழு படத்திலும் அப்படித்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக ஏதோ வந்தது. மூக்கு எங்கே, மாலை எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஜெயகுமார் போன் பண்ணிப் படத்தைக் கேட்டான். கஜேந்திரன் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

"தம்பி, படம் சரி வரல. ப்ளாஷ் பழுது. வாஹித் நானாகிட்ட வாங்குனது. பழுதான சாமானத் தந்துட்டாரு மனுசன்."

போனை வைத்த பிறகு தண்ணீர் குடித்தான்.

ப்ளாஷைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு வாரம் கடத்தினான். கடைசியில் கொண்டுபோனான். வாஹித் நானா கடையில் தனியாக இருந்தார்.

"மேல்தோட்டத்துல இருந்து ஒரு கல்யாணம் வரவேண்டி இருந்திச்சு தம்பி. வேணாம்னுட்டாங்க. நான் பழுதான சாமான் வச்சித் தொழில் செய்றேனாம்."

கஜேந்திரன் ப்ளாஷை நீட்டினான். அவர் அதை வாங்கி, அவன் தோளில் கிடந்த கமராவை எடுத்து அதிலேயே மாட்டினார். இருநூறில் வைத்துச் சுவரைப் பார்த்து அமத்தினார். சுவர் முழுதாகத் தெரிந்தது. பிறகு கமராவை அவன் கையில் கொடுத்தார்.

"இப்ப அண்டைக்கு வச்ச மாதிரி வைங்க."

அவன் ஐநூறில் வைத்தான். அமத்தினான். சுவரின் கீழ்ப்பாதி இல்லை.

"நான் அங்க போய் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார் வாஹித் நானா. "யாவாரத்துக்குச் சண்ட புடிக்கிறான்னுதான் நெனப்பாங்க."

அவர் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவர் கத்தவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. கஜேந்திரன் போனான். லயத்து வாசலில் ஆட்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். ஆனால் ஜெயகுமாரின் மாமா அவனைக் கண்டதும், "வாங்க தம்பி. அந்த பதுளைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டானே ஒங்கள," என்றார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் தனியாகச் சொல்ல முடியாது.

"அவரு ஏமாத்தலங்க," என்றான் கஜேந்திரன். "ப்ளாஷ் நல்ல ப்ளாஷ். எப்பிடி வைக்கணும்னு அவரு சொல்லித்தான் குடுத்தாரு. நான் காதுல வாங்கல. தப்பு என்னோடது. அவரு மேல போட்டதும் நான்தான்."

மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்புப் பக்கம் போனார். ஜெயகுமார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

திரையில் சுதர்ஷினி வந்தாள். யாருடைய வீட்டுச் சமையலறையிலோ நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கஜேந்திரன் எல்லாவற்றையும் சொன்னான். இருநூறு, ஐநூறு என்று ஆரம்பித்துவிட்டு, அதெல்லாம் அவளுக்கு எதற்கு என்று நிறுத்தினான்.

"அம்மா மொகம் கொஞ்சங்கூட இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

அவள் போனை எங்கோ சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"நின்னவங்க எல்லாரும் தெரியுறாங்களா?"

"தெரியுறாங்க. உங்களுக்கு விட்ட எடமும் தெரியுது. உங்க போட்டோ வந்திச்சு. வேணும்னா நான் இப்பவே…"

"வேணாம்," என்றாள். "அம்மா இல்லாத படத்துல என்னைய ஒட்டாதீங்க."

போன் அணைந்தது. ஜெயகுமார் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கஜேந்திரனும் எதிர்பார்க்கவில்லை. நடந்தே ரோட்டுக்கு இறங்கினான்.

அந்தக் கல்யாணம் திரும்ப வாஹித் நானாவிடமே போனது. கஜேந்திரன் இப்போதும் சாவு வீடுகளுக்குப் படமெடுக்கப் போகிறான். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்க்கிறான். யாராவது முகம் சுளித்துக் கேட்டால், "ஆமாங்க, பாக்குறேன்," என்கிறான். வேறு விளக்கம் சொல்வதில்லை.